விலா முறிவு: வலி எவ்வளவு குறைந்தால் போதும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் நிலைமை இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பீனிக்ஸில் இருக்கும் உங்கள் மாமனாருக்கு வயது 71. ஏணியிலிருந்து விழுந்து இடப்பக்கம் மூன்று விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன. கேஷுவல்டியில் எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, பனாடோ (பாராசிட்டமால்) கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது போதவில்லை என்று வீட்டில் இருந்த மைப்ரோடால் வலி மருந்தையும் கொடுக்கிறீர்கள். நடுவில் அவராகவே கிராண்ட்பா வலிப் பொடியும் போட்டுக்கொள்கிறார். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரிலும் நீர் மாத்திரையும் உண்டு. மூன்று நாளாகியும் படுக்க முடியவில்லை, இருமவே பயப்படுகிறார். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டலாமா, இன்னும் பலமான மருந்து கேட்டால் அதற்கு அடிமையாகிவிடுவாரா, ஆறு வாரத்தில் வரும் காவடிக்கு எழுந்துவிடுவாரா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வலியை எதுவரை குறைக்க வேண்டும்? மயக்கவியல் படித்து, அடிபட்டவர்களின் வலியைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்டவன் என்ற முறையில் என் பதில்: அவர் ஆழமாக மூச்சை இழுத்துப் பலமாக இருமும் வரை. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது வலிக்கவில்லை என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதற்கு முன் அவசரமான ஒன்று. இப்போது அவர் சாப்பிடும் மருந்துகளைக் கூட்டிப் பாருங்கள். பனாடோ மாத்திரை ஒன்றில் 500 மி.கி. பாராசிட்டமால், இரண்டிரண்டாக நான்கு வேளை என்றால் 4,000 மி.கி. மைப்ரோடால் கேப்ஸ்யூல் ஒன்றில் 250 மி.கி. பாராசிட்டமாலும் 200 மி.கி. இபுப்ரோஃபெனும் 10 மி.கி. கோடீனும் இருக்கின்றன, இரண்டிரண்டாக மூன்று வேளை என்றால் இன்னொரு 1,500 மி.கி. பாராசிட்டமால். கிராண்ட்பா பொடி ஒன்றில் ஏறத்தாழ 320 மி.கி. பாராசிட்டமாலும் 450 மி.கி. ஆஸ்பிரினும் உண்டு, இரண்டு பொடி போட்டால் அதில் ஒரு 640. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 6 கிராமைத் தாண்டிவிடுகிறது. நல்ல உடல்கட்டுள்ள பெரியவருக்கே மேல் எல்லை 4 கிராம்தான். 50 கிலோவுக்குக் குறைந்தவர், தினமும் குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் இன்னும் குறைவு. பொதுவாக 2 முதல் 3 கிராம். பாராசிட்டமால் அதிகமானால் முதல் ஓரிரு நாள் வெளியே எதுவும் தெரியாது, கல்லீரல் மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கில் ஒரு நாளுக்கு மேல் போயிருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போய், என்னென்ன எத்தனை சாப்பிட்டார் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உறைகளையும் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இபுப்ரோஃபென் பக்கமும் சிக்கல்தான். எனலாபிரில், நீர் மாத்திரை, இபுப்ரோஃபென் வகை மருந்து ஆகிய மூன்றும் ஒருவர் உடலில் சேர்ந்தால் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் அழுத்தம் மூன்று வழியிலும் குறையும். அடிபட்டவர் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் படுத்திருக்கும் நாட்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்க வேண்டி வரும். கிராண்ட்பாவின் ஆஸ்பிரினும் அதே குடும்பம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் வரலாம். எனவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து ஒரு மருத்துவர் சரி என்று சொல்லும் வரை மைப்ரோடாலையும் பொடியையும் நிறுத்துங்கள். பனாடோவையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்; பாராசிட்டமாலை மறுபடி எப்போது, எவ்வளவு தொடங்கலாம் என்பதை அந்த ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பவர் சொல்லட்டும்.

இனி, ஏன் இருமல்தான் அளவுகோல் என்று சொல்கிறேன். கை முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். விலாவை அப்படி நிறுத்தி வைக்க முடியாது; ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை அது அசைந்தே தீரும். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. முறிந்த முனைகள் நகரும்போதெல்லாம் அது சீண்டப்படும். வலிக்குப் பயந்து உடல் தானாகவே மூச்சைச் சிறிதாக்கிக்கொள்ளும். மூச்சு சிறிதானால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கும், இருமாததால் சளி அங்கேயே தங்கும், தங்கிய சளியில் கிருமி வளர்ந்து நிமோனியா ஆகும். விலா முறிந்த முதியவர்களின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இதுதான். எலும்பு அநேகமாகத் தானாகவே கூடிவிடும். 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 65 வயதுக்கு மேற்பட்டவர்களை இளையவர்களோடு ஒப்பிட்டது. முதியவர்களில் இறப்பு இரு மடங்காக இருந்தது. முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்போதும் அவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு 27 சதவீதமும் இறப்பு வாய்ப்பு 19 சதவீதமும் ஏறின. அதனால்தான் 65 வயதைத் தாண்டியவருக்கு மூன்று அல்லது அதற்கு மேல் முறிவு என்றால் வார்டில் சேர்த்துக் கவனிப்பது பல இடங்களில் வழக்கம். உங்கள் மாமனார் அந்தக் கணக்கில் வருகிறார். வீட்டுக்கு அனுப்பியது தவறு என்று அவரைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாளும் இருமவில்லை என்றால் மறுபடி காட்டியே ஆக வேண்டும் என்று மட்டும் தயங்காமல் சொல்வேன்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாதாரண எக்ஸ்ரே விலா முறிவுகளில் பாதி வரை தவறவிடும். மூன்று என்றது நான்கோ ஐந்தோ ஆக இருக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்வதும் சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியவரும். இடப்பக்கக் கீழ் விலாக்கள், அதாவது ஒன்பதாவதும் அதற்குக் கீழும் என்றால், உள்ளே மண்ணீரல் இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் வலியை அளக்க வழி இது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, இருமச் சொல்லுங்கள். அடித்தொண்டையிலிருந்து சத்தமாக வந்தால் மருந்து வேலை செய்கிறது. ‘க்ஹ்’ என்று மேலோட்டமாக நின்றுவிட்டால் போதவில்லை என்று அர்த்தம், முகத்தில் வலி தெரியாவிட்டாலும் சரி. நம் பெரியவர்கள் எவ்வளவு வலி என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள். இருமலால் அப்படிச் சமாளிக்க முடியாது. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கிடைத்தால் வாங்குங்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து தடவை, மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்க மூன்று முதல் ஐந்து விநாடி பிடித்து, விட வேண்டும். நேற்று இரண்டு பந்து ஏறியது, இன்று ஒன்றுதான் ஏறுகிறது என்றால் காய்ச்சல் வருவதற்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை அது. கருவி இல்லையென்றால் அதே கணக்கில் வெறும் மூச்சை இழுத்துப் பிடித்தாலும் போதும்.

மருந்தில் மிகச் சாதாரணமான தவறு, வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடுவது. பாராசிட்டமாலை வலி இருக்கிறதா என்று கேட்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்: கல்லீரல் நன்றாக இருந்து எடை 50 கிலோவுக்கு மேல் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 1 கிராம். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, நள்ளிரவு என்று வைத்துக்கொள்ளலாம். தனியாக அது இந்த வலிக்குப் போதாது. ஆனால் அதன் மேல் கட்டினால்தான் மற்ற மருந்துகளின் அளவு குறையும். அடுத்த படி இபுப்ரோஃபென் வகை. சிறுநீரகமும் வயிறும் இதயமும் நன்றாக உள்ள இளையவருக்கு 400 மி.கி., உணவுக்குப் பிறகு, நாளுக்கு மூன்று வேளை, ஐந்து முதல் ஏழு நாள். அருமையாக வேலை செய்யும். இந்த வகை மருந்து எலும்பு கூடுவதைத் தாமதிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. சில நாள் மட்டும் கொடுத்தால் பெரியவர்களுக்கு அப்படி ஆகிறது என்பதற்கு ஆதாரம் பலவீனம்தான். உங்கள் மாமனாருக்கு நான் தயங்குவது எலும்புக்காக இல்லை, சிறுநீரகத்துக்காக.

வலிக்கும் இடத்தில் தோலில் ஒட்டும் ஃப்ளர்பிப்ரோஃபென் பட்டை, கடைகளில் ட்ரான்ஸ்ஆக்ட் என்ற பெயரில் வருவது, 12 மணி நேரத்துக்கு ஒன்று ஒட்டலாம். ரத்தத்தில் கலக்கும் அளவு மாத்திரையைவிடக் குறைவு. ஆனாலும் அது அதே குடும்பம்தான் என்பதால் அவர் விஷயத்தில் மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். அதே இடத்தில் டீப் ஹீட் வலிக் களிம்பும் தடவ வேண்டாம், தோல் வெந்துவிடும்.

மூன்றாவது படி ஓபியாய்டுகள், அதாவது கோடீன், மார்ஃபின் போன்ற அபின் வகை வலி மருந்துகள். நீங்கள் பயப்படுவது இவற்றைப் பற்றித்தான். கோடீன் உடலுக்குள் மார்ஃபினாக மாறினால்தான் வேலை செய்யும். சிலருக்கு அந்த மாற்றம் மிகக் குறைவு, சிலருக்கு மிக வேகம். அதனால் ஒரே கேப்ஸ்யூல் ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருவரைத் தூங்கடித்துவிடும். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலோருக்கு வரும். டிராமடால், மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். இந்த வயதில் 50 மி.கி. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்குவார்கள். வலிப்பு நோய் உள்ளவருக்கும் மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவருக்கும் ஆகாது. டிராமசெட் என்று எழுதித் தந்தால் அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது, மேலே போட்ட கணக்கில் அதையும் சேருங்கள். இவை போதாதபோது மார்ஃபின் கரைசல், முதியவருக்கு 2.5 முதல் 5 மி.கி. என்று சிறிதாகத் தொடங்கி, பலன் பார்த்து ஏற்றுவது. மார்ஃபின் என்றதும் கடைசி நேர மருந்து என்று வீட்டில் கலங்குவார்கள். சரியான அளவில் கொடுத்தால், இருமக்கூட முடியாமல் வார்டில் கிடப்பவரை எழுந்து நடக்க வைப்பது அதுவே. மூச்சுப் பயிற்சிக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்னால் கொடுத்தால் பயன் முழுதாகக் கிடைக்கும்.

அடிமையாகும் ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு வாரம், எழுதிக்கொடுத்த அளவில், வலிக்காகச் சாப்பிடும் 71 வயதுக்காரருக்கு அது சிறியது. இந்த வாரம் இருமாமல் இருப்பதால் வரும் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரியது. வலி குறையத் தொடங்கியதும் முதலில் ஓபியாய்டை இறக்குங்கள், பிறகு மற்றவை, கடைசியில் பாராசிட்டமால். நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு: மயக்கம். ஓபியாய்டு அதிகமாகும்போது மூச்சு குறைவதற்கு முன்னால் ஆள் மந்தமாவார். பேச்சின் நடுவே கண் சொருகினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தட்டியும் எழவில்லை என்றால் ஆம்புலன்ஸ். தூக்க மாத்திரையும் மதுவும் இதோடு சேரவே கூடாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியாக லாக்டுலோஸோ சென்னாவோ கூடவே கொடுங்கள். மூன்று நாள் மலம் போகாமல் முக்கும்போது விலாவில் வரும் வலி, இருமலை விடக் கொடியது.

கபாபென்டின், பிரிகாபலின் பற்றி யாராவது சொல்வார்கள். நரம்பு வலிக்கு நல்ல மருந்துகள்தான். புதிதாக முறிந்த விலாவுக்கு அவை சொல்லும்படியான பலன் தரவில்லை. முதியவருக்குத் தள்ளாட்டமும் மந்தமும் தரும். ஏணியிலிருந்து விழுந்தவரை மறுபடி விழவைக்க வேண்டாம்.

மாத்திரை போதாதபோது மருத்துவமனையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் சொல்கிறேன்: நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி. முதுகுத்தண்டுக்குள், தண்டுவட உறைக்கு வெளியே எபிடூரல் குழாய் வைப்பது பழைய முறை. வலியை நன்றாக அடக்கும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ஆகாது. 2016-இல் முதலில் விவரிக்கப்பட்ட எரெக்டர் ஸ்பைனே பிளாக் இப்போது பரவலாகிவிட்டது. அல்ட்ராசவுண்ட் பார்த்து, முதுகுத் தசைக்கும் எலும்பின் நீட்சிக்கும் இடையில் 20 முதல் 30 மி.லி. மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். மெல்லிய குழாய் ஒன்றை அங்கேயே விட்டுவைத்தால் சில நாள் தொடரலாம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் முறிந்திருந்தால் அக்குளுக்குக் கீழே போடும் செரேட்டஸ் பிளாக் பொருந்தும். பின்பக்க முறிவுக்கு அது எட்டாது. ஒவ்வொரு விலாவுக்குமாகத் தனித்தனியே போடும் ஊசி சில மணி நேரம்தான் நிற்கும், அங்கிருந்து மருந்து ரத்தத்தில் வேகமாகக் கலக்கும், நுரையீரலைக் குத்திவிடும் அபாயமும் உண்டு. இவை வலியைக் குறைக்கும், மூச்சின் அளவைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை. உயிர் பிழைப்பதையும் கூட்டுகிறதா, இவற்றில் எது சிறந்தது என்பவை இன்னும் தீர்ந்த விஷயமல்ல. எபிடூரலைப் பரிந்துரைக்கும் வழிகாட்டுதல்களே ஆதாரம் வலுவாக இல்லை என்று சேர்த்துத்தான் எழுதுகின்றன. நடைமுறையில், அந்த மருத்துவமனையில் இருப்பவருக்கு எது கைவந்ததோ அதுவே நல்லது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லாவிட்டாலும், பெரிய அரசு மருத்துவமனையில் ‘மயக்க மருத்துவர் ஒருவர் வந்து வலிக்குப் பார்க்க முடியுமா’ என்று கேட்பதில் தப்பே இல்லை. தட்டு வைத்து விலாவை இணைக்கும் அறுவை, அடுத்தடுத்த மூன்று விலாக்களாவது இரண்டிரண்டு இடத்தில் உடைந்து மார்புச் சுவரே தளர்ந்து ஆடும் நிலைக்குப் பயன்படும். சாதாரண முறிவுக்கு அது தேவையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

மார்பைச் சுற்றிக் கட்டுவது வேண்டாம். ஒரு காலத்தில் மருத்துவர்களே கட்டினார்கள், வலியும் கொஞ்சம் அடங்கும். ஆனால் எந்த மூச்சை விரிக்கப் பாடுபடுகிறோமோ அதையே கட்டு நெரிக்கிறது. அதற்குப் பதில் ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ முறிந்த இடத்தில் வைத்து, இருமும் நொடியில் மட்டும் உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். இருமல் முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இருமத் துணியாதவர் முதலில் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் ‘ஹா’ என்று வேகமாக மூச்சை விடட்டும், சளி மேலேறிவிடும். எண்ணெய் போட்டு உருவுவது, பிடித்து விடுவது எல்லாம் கூடாது, முனை நகரும். மஞ்சள் பற்று போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அதன் மேல் துணி சுற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், பிறகு வெந்நீர்ப் பை. படுக்கையில் மல்லாந்து கிடக்க வேண்டாம். சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்குத் தலையணை அடுக்கியோ பாதி உட்கார்ந்தபடி தூங்கட்டும். எழும்போது யாரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். ஒவ்வொரு வேளை உணவையும் மேசைக்கு நடந்து போய்ச் சாப்பிடட்டும். சிகரெட் பிடிப்பவர் என்றால் அது இன்றோடு நிற்கட்டும்.

மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால், விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் கருவி 92 சதவீதத்துக்குக் கீழ் காட்டினால், காய்ச்சலோடு மஞ்சளோ பச்சையோ சளி வந்தால், ரத்தம் துப்பினால், பேச்சு குழம்பினால் உடனே போக வேண்டும். கழுத்தையோ மார்பையோ தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று நெரிபட்டாலும் அப்படியே. இடத் தோள்பட்டையின் நுனியில் புதிதாக வலி, வயிற்று வலி, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவை சேர்ந்து வந்தால் மண்ணீரல் கசிகிறது என்றே எண்ணி ஓடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.

வலி முதல் ஐந்து நாள் கடுமையாக இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் தணியும். எலும்பு கூட ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதன் பிறகும் ஒன்றிரண்டு மாதம் இருமினால், தும்மினால் சுருக்கென்று இருக்கும். அதனால் ஆறாவது வாரத்தில் கோயிலுக்கு நடந்து போகலாம்; தோளில் காவடி ஏற்றுவதை இந்த ஆண்டு விட்டுவிட்டு, பால்குடத்தைக்கூட வீட்டில் வேறு யாராவது எடுக்கட்டும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்குவதும் கார் ஓட்டுவதும் வேண்டாம்.

மறுபடி காட்டப் போகும்போது ஏன் விழுந்தார் என்பதையும் சொல்லுங்கள். ஏணி சறுக்கியதா, அல்லது தலைசுற்றிப் பிடி விட்டதா? இரண்டாவது என்றால் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்து, நீர் மாத்திரையின் அளவைச் சரிபார்க்க வேண்டும். உயரம் குறைவான படியிலிருந்து விழுந்தே மூன்று விலா போயிருந்தால், வைட்டமின் டி அளவும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.